ஆல்தாவுக்கு அடியில்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் மளிகைக் கடையிலிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் போகிற வழியில் எத்தனை துணிக்கடைக் கண்ணாடிகள் இருக்கின்றன என்று கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வேன். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றிருக்கிறேன். புடவை பார்க்க இல்லை. நூறு அடி நடந்தால் இடது கெண்டைக்காலை யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிகிற மாதிரி வலிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நூறு அடி, மறுபடி பிழிசல். நடுத்தெருவில் சும்மா நிற்கிற பொம்பளையை நாலு பேர் விசாரிப்பார்கள். கண்ணாடி முன்னால் நிற்கிறவளை யாரும் விசாரிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் கூட வரும்போது கேலி செய்வார். “பாத்துக்கோ, நல்லா பாத்துக்கோ. பாக்கதுக்கு அவன் துட்டு கேக்க மாட்டான்.” நானும் சிரித்து வைப்பேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம். கோபம் அதற்கு முன்பே உண்டு. காய்கறிக்காரனோடும் ஆட்டோக்காரனோடும் வங்காளியில் சண்டை போட்டு நான் தோற்றதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்குக் ‘கால் வலிக்கிறது’ என்ற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. சொன்னால் டாக்டர், டாக்டர் என்றால் இன்சுலின் ஊசி. அவ்வளவுதான் என் அறிவு.

அந்த வருடம் பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் கல்யாண மெட்டி தேய்ந்து நூலாகிவிட்டது. அவர் அதை வெள்ளிக்கடைக்கு எடுத்துப்போய் உருக்கி, மூன்று சுற்று வைத்துப் புதிதாகச் செய்து வாங்கி வந்தார். நடக்கும்போது கழன்று கழன்று வந்தது. மறுபடி எடுத்துப்போய் இறுக்கிக்கொண்டு வந்து, வீட்டுக் கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவரே மாட்டிவிட்டார். “இனிமே எங்கயும் ஓடாது” என்றார்.

பிறகு ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தேன். இடது கால் இரண்டாம் விரலில், மெட்டிக்கு அடியில், தோல் உரிந்து மிளகளவுக்கு ஈரமாக இருந்தது. அழுத்தினேன். வலிக்கவே இல்லை. வலிக்காத புண்ணுக்குப் பயப்பட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மஞ்சள் வைத்தேன். மெட்டியைக் கழற்றப் பார்த்தேன். விரல் வீங்கி அது வரவில்லை. வராததில் எனக்கு ஒரு நிம்மதி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புருஷன் குத்துக்கல்லாக இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? வாய் கிழியப் பேசுகிற எனக்குள்ளும் அந்தப் பயம் உட்கார்ந்திருந்தது.

நாலைந்து நாளில் புண் மிளகிலிருந்து புளியங்கொட்டை ஆனது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் துர்கா பூஜை.

பவானிபூரில் எங்கள் தெருவில் பந்தல் போடுவார்கள். விஜயதசமி அன்று அம்மனை வழியனுப்பும் முன் சுமங்கலிகள் மணைமேல் ஏறி, வெற்றிலையால் அம்மன் முகத்தைத் துடைத்து, நெற்றியில் சிந்தூரம் வைத்து, வாயில் இனிப்பு ஊட்டுவார்கள். பொரோன் என்று பெயர். முதலில் ஏறுகிறவருக்கு ஒரு தனி மரியாதை. வழக்கமாக ஏறும் அம்மா அந்த வருடம் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார். கமிட்டிப் பெண்கள் வந்து என்னைக் கேட்டார்கள். இருபத்தெட்டு வருடமாக நான் அந்தத் தெருவில் ‘மத்ராஜி பௌதி’. மெட்ராஸ் அண்ணி. போக் என்கிற படையலுக்கு என்ன பலகாரம், பிரசாதத்துக்கு எத்தனை தட்டு என்று எல்லா வேலைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். முன்னால் நிற்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, கை நிறைய வளையல், வெறுங்கால், காலில் ஆல்தா.

ஆல்தா என்பது சிவப்புச் சாயம். மருதாணி மாதிரி காத்திருக்க வேண்டாம். பஞ்சில் தொட்டு பாதத்தின் ஓரம் முழுக்கக் கோடு இழுத்து, விரல் நுனிகளில் வைத்தால் போதும், காய்ந்துவிடும். மேல்வீட்டு பௌதிதான் வருடாவருடம் எனக்கு வைத்துவிடுவாள். அன்று கிண்ணத்தோடு வந்தவளிடம் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

இரண்டாம் விரல் நுனி அதற்குள் ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. கால் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. நான் பஞ்சை எடுத்து எல்லா விரல்களுக்கும் நுனியிலிருந்து அடிவரை பூசினேன். ஒரு விரலுக்கு மட்டும் பூசினால் சந்தேகம் வரும் அல்லவா? காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. மெட்டியின் சுற்றுகளுக்கு இடையில்கூடப் பஞ்சைத் திணித்துப் பூசினேன். புண்ணின் ஈரத்தில் சாயம் பரவி இன்னும் பளிச்சென்று ஆனது.

“உன் கால் மாதிரி இந்தத் தெருவில் யாருக்கும் இல்லை, பௌதி!” என்றாள் மேல்வீட்டுக்காரி. எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. மணைமேல் முதலில் ஏறினேன். அம்மன் முகத்தைத் துடைத்தேன். தாரை தப்பட்டை மாதிரி டாக் மேளம் அடித்தார்கள், எல்லோரும் எல்லோர் முகத்திலும் சிந்தூரத்தை அப்பினார்கள். இரண்டு மணி நேரம் வெறுங்காலில் நின்றேன். ஒன்றும் வலிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கடையில் நாற்றம்.

“எலி செத்துக் கெடக்கு” என்றார் அவர். புளி மூட்டையை நகர்த்தினார். அப்பளக் கட்டுகளை இறக்கினார். நல்லெண்ணெய் டின்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பிப்பொடி நிறுத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேட ஆரம்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும், மனுஷன் வியர்த்து விறுவிறுத்து மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன தேடுதிய? விடுங்க, சாயங்காலம் பாத்துக்கிடலாம்.”

“வாடிக்கைக்காரன் ஓடிப் போயிருவான்ட்டி.” சொல்லிக்கொண்டே ஸ்டூலுக்கு அடியில் டார்ச் அடிக்கக் குனிந்தார். கடைக்குள் சாமி படம் இருப்பதால் நாங்கள் இருவரும் அங்கே செருப்பு போடுவதில்லை. டார்ச் வெளிச்சம் என் இடது காலில் வந்து நின்றது. அவர் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. நிமிரவே இல்லை.

பைபாஸ் ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. ரத்தக்குழாய் டாக்டர் ஒரு பெண். என் மகனைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். என்னை மாஷிமா என்று கூப்பிட்டாள். சித்தி என்கிற மாதிரி. என் கால் கட்டை விரலை அழுத்திவிட்டு எடுத்தாள். அழுத்தினால் தோல் வெளுக்க வேண்டும், விட்டதும் ரத்தம் ஓடிவந்து சிவக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அவரிடம் விளக்கினாள். மறுபடி அழுத்தினாள். பிறகு எரிச்சலோடு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தாள். ஆல்தா போகவில்லை. நான் இரண்டு பூச்சு பூசியிருந்தேனே.

“எனக்கு நிறமே தெரியவில்லை, மாஷிமா. எதற்கு இப்படி அப்பிவைத்திருக்கிறீர்கள்?”

“பூஜை” என்றேன்.

ரத்த ஓட்டத்தைக் கேட்கப் பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தின்மேல் வைத்தாள். வலது காலில் வைத்தபோது புஸ், புஸ் என்று துணி துவைக்கிற மாதிரி சத்தம் கேட்டது. இடது காலில் இரைச்சல் மட்டும். கணுக்காலில் வைத்தாள், பக்கவாட்டில் வைத்தாள், ஜெல்லைக் கூடுதலாக ஊற்றி மறுபடி வைத்தாள். அறையில் இருந்த எல்லோரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“புண் எத்தனை நாளாக இருக்கிறது?”

“மூன்று நாள்” என்றேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொன்னது.

அதற்குள் இவர் முந்திக்கொண்டு தன் கடை வங்காளியில், “ஆமார் தோஷ், டாக்டர்” என்றார். என் குற்றம். “நான்தான் மெட்டியை இறுக்கச் சொன்னேன்.” சொன்னவர் அழுதார். கல்யாண மேடையில் அம்மிமேல் என் காலை வைத்து மெட்டி மாட்டியபோது ஊரே பார்த்ததே என்று வெட்கப்பட்ட மனுஷன், முன்பின் தெரியாத மூன்று நர்சுகளுக்கு முன்னால் அழுதார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன கட்டரால் மெட்டியை வெட்டினார்கள். அவர்தான் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். மெட்டி இருந்த இடத்தில் விரல் கறுப்பாக இருந்தது.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்களும் அடைத்திருக்கின்றன. விரல் போனது போனதுதான். குழாயில் ஒன்றாவது திறந்தால் பாதம் பிழைக்கும். திறக்காவிட்டால், என்று சொல்லி என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையைக் கத்தி மாதிரி வைத்துக் காட்டினாள். அந்தக் கை வைத்த இடம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

மயக்க மருந்து கொடுக்கவில்லை, மரத்துப்போக மட்டும் ஊசி. தொடையிலிருந்து கம்பியைச் செலுத்தி, மருந்தை ஊற்றி, திரையில் பார்த்தார்கள். நானும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புக் கோடு முழங்காலைத் தாண்டி நாலு விரல்கடை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். என் கால் அங்கே இருக்கிறது, எலும்பு தெரிகிறது, ஆனால் கோடு இல்லை. முதல் குழாயில் கம்பி நுழையவில்லை. அரை மணி நேரம். இரண்டாவதில் பாதி போய் வளைந்து திரும்பியது. டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டாள். அதுவரை என்னிடம் தோசை மாவு புளிப்பது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள். பேசு, ஏதாவது பேசு என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது குழாயில் கம்பி போனது. சின்ன பலூனை ஊதினார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பாதத்தில் நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. எத்தனையோ மாதங்களாக எதையும் உணராத பாதம். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர் எழுந்து கதவுவரை வந்துவிட்டாராம்.

“எரிகிறதா? நன்றாக எரிகிறதா?” டாக்டர் சிரித்தாள். “ரத்தம் போகிறது, மாஷிமா. கத்துங்கள்.”

இரண்டு நாள் கழித்து விரலை எடுத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. விரல் இருந்த குழி ஆறவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். சிவக்க வேண்டிய இடம் பழைய சோறு மாதிரி வெளிறிக் கிடந்தது. டாக்டர் பாதத்தில் ஒரு வட்டமான வில்லையை ஒட்டினாள். அந்தத் தோலுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வந்து சேர்கிறது என்று பெட்டியில் எண் காட்டும். எண் கீழேயே கிடந்தது. என் மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தாள். நாங்கள் பெட்டியையே பார்த்தோம். மெல்ல, முனகிக்கொண்டே, ஏறியது.

“பெரிய குழாய் திறந்துவிட்டது. சின்னச் சின்னக் குழாய்களெல்லாம் இன்னும் தூங்குகின்றன. அழுத்தமான காற்றுக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆறு வாரம் பார்ப்போம்.” ஆறு வாரம் கழித்து என்ன என்று அவள் சொல்லவில்லை. அவள் கை மட்டும் ஒரு கணம் என் முழங்கால் பக்கம் போய் வந்தது.

அந்த அறை சால்ட் லேக்கில் இருந்தது. ஒரு ஆள் படுக்கிற கண்ணாடிக் குழல். வாரத்தில் ஐந்து நாள், ஒன்றரை மணி நேரம். சுத்தமான ஆக்சிஜனுக்குள் ஒரு பொறி பட்டால் போதும் என்பதால், அங்கே வேலை பார்த்த பெண், தீதி என்று கூப்பிடுவோம், அக்கா என்கிற மாதிரி, முதல் நாளே பட்டியல் படித்தாள். எண்ணெய் கூடாது, தலையில்கூட. குங்குமம் கூடாது. உலோகம் எதுவும் கூடாது. ஆஸ்பத்திரி கொடுக்கிற பருத்தி அங்கி மட்டும். தாலியைத் தொட்டுக் காட்டி, “இதுவும்” என்றாள்.

அப்போது நான் சண்டை போடுவேன் என்று அவர் எதிர்பார்த்தார். நான் பேசாமல் கழற்றினேன். தாலிச் சங்கிலியில் தொங்கிய மூன்று ஊக்குகளோடு அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, பையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, குழலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரமும் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

கடையை மத்தியானம்வரை பூட்டிவிட்டு என்னோடு வந்தார். வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், “நாந்தான் மெட்டிய இறுக்கச் சொன்னேன்” என்று ஆரம்பித்துவிடுவார். புனேயில் இருக்கிற மகனிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார், அவருக்கு ஒரு வியாதியும் கிடையாது. அவருடைய அந்த நல்லதனம் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. சோறு குழைந்துவிட்டது என்று கத்தினேன், டாக்சி பிடிக்கத் தெரியவில்லை என்று கத்தினேன். அவர் எதற்கும் பதில் பேசவில்லை. குற்றவாளிக்கு என்ன பேச்சு என்று நினைத்திருப்பார். அவரை அங்கே நிற்கவைத்தது நான்.

மூன்றாவது வாரம், ஒரு காலை, டாக்சியில் போய்க்கொண்டிருந்தோம். கல்கத்தா டாக்சியில் தமிழ் ஒரு வசதி. எதை வேண்டுமானாலும் பேசலாம். பார்க் சர்க்கஸ் நெரிசலில் வண்டி நின்றிருந்தது.

“திருச்செந்தூருக்கு நேந்துருக்கேன்” என்றார். “கால் தப்பிச்சிட்டுன்னா நான் மொட்டை போடுதேன். செஞ்ச பாவத்துக்கு.”

“என்ன பாவம்?”

“அந்த வெள்ளிக்காரன் சொன்னாம்ட்டி. ரொம்ப இறுக்க வேண்டாம்னான். நாந்தான் கேக்கல.”

“நிறுத்துங்க. மெட்டி மெட்டின்னு சொல்லாதிய. புண்ணு எனக்குத் தெரியும்.”

அவருக்குப் புரியவில்லை.

“பூஜைக்கு முன்னாலயே தெரியும். பதினேழு நாள். பாத்துட்டுத்தான் ஆல்தா பூசுனேன். ஒங்க கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவ பூசுனேன். சொன்னா பொரோனுக்கு விட மாட்டிய. அதான் சொல்லல.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் இன்னும் ஒன்றும் இல்லை, ஆனாலும் கை அங்கே போயிருந்தது.

“டாக்டரம்மாட்ட மூணு நாள்னு சொன்ன.”

“ஆமா.”

“நான் எலியத் தேடுனேனேட்டி.” அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “ஒவ்வொரு மூட்டையா தூக்குனேன். நீ பாத்துக்கிட்டு இருந்த.”

கதவைத் திறந்து இறங்கினார். “எறங்காதிய, ஏங்க!” என்றேன். டிரைவர் திரும்பி, தாதா, அதாவது அண்ணன், எங்கே போகிறார் என்று வங்காளியில் கேட்டான். நெரிசல் அவிழ்ந்து பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. அவர் வண்டிகளுக்கு நடுவே நடந்து போனார். நான் ஓடிப் பிடிக்க முடியுமா? ஒரு காலில் கட்டு. வண்டி நகர்ந்துவிட்டது.

அன்று தாலியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தீதி, லாக்கரில் வையுங்கள் என்று ஒரு தகரக் கதவைத் திறந்தாள். உள்ளே யாரோ விட்டுப்போன குடை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் வைத்தேன்.

குழலை மூடினார்கள். காற்று ஏற ஏறக் காது அடைக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுக்குள் ஊசி ஏறும். அன்று எவ்வளவு முயன்றும் விழுங்க முடியவில்லை. காது பிளந்தது. தீதி கண்ணாடிக்கு வெளியிலிருந்து தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், விழுங்குங்கள், விழுங்குங்கள் என்று. அவளுக்குப் பின்னால் அந்த நாற்காலி தெரிந்தது. காலியாக.

நடுவில் வெளியே வர முடியாது. அழுத்தத்தை மெதுவாக இறக்கித்தான் திறப்பார்கள். ஒன்றரை மணி நேரம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கால் போய்விடும் என்று அன்றுதான் எனக்கு முழுதாகப் பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் பயமே இல்லை. ஒற்றைக் காலோடு, இவர் பேசாத வீட்டில், நான் எப்படி இருப்பேன் என்று நினைத்தேன். மெட்டி கழன்றால் புருஷனுக்கு ஆகாது என்று பயந்தேனே. கழற்றாமல் வைத்திருந்து நான் அவருக்குச் செய்தது மட்டும் என்ன?

எப்போது வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். திறந்தபோது நாற்காலியில் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி வியர்த்திருந்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்.

குழல் திறந்ததும் முதலில் கேட்டது, “எங்க அது?”

“லாக்கர்ல.”

“எவன் லாக்கர்ல? என்ட்ட கேக்காம அங்கல்லாம் வைப்பியோ?” தீதியிடம் சாவி வாங்கி, தானே திறந்து, ஊக்குகளை எண்ணிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டார். என் கையில் கொடுக்கவில்லை. “மொதல்ல டாக்டரம்மாட்ட வா. பதினேழு நாள்னு ஒன் வாயால சொல்லு.”

சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராக இருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. “பதினேழு நாள் என்றால் பக்கத்து எலும்புக்குள் சீழ் போயிருக்கலாம். மூன்று நாள் என்று நீங்கள் சொன்னதால் நான் அதைக் கடைசியில் வைத்திருந்தேன்” என்றாள். அன்றே ஸ்கேன். எலும்பின் நுனி அரித்திருந்தது. மறுநாள் மறுபடி கத்தி, அந்த நுனியை எடுத்தார்கள். மருந்தை மாற்றினார்கள். ரத்தமும் ஆக்சிஜனும் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தன. நான் மறைத்து வைத்தது உள்ளே இருந்து எதையும் ஆறவிடாமல் செய்திருந்தது.

ஐந்தாம் வாரம் நர்ஸ் கட்டைப் பிரித்துப் பஞ்சை எடுத்தபோது குழியின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் கசிந்தது. அவள் கூப்பிட்டு டாக்டர் ஓடிவந்தாள். குனிந்து பார்த்து, “லால்” என்றாள். சிவப்பு. அந்த வார்த்தையை அவள் இரண்டு தடவை சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணில் இருந்த தண்ணீரில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. இவர் மட்டும் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நர்சிடம்தான் சொன்னார், நன்றி என்று.

கால் தப்பித்தது. அவர் மொட்டை போட்டுக்கொள்ளவில்லை. “நான் ஏன் போடணும்?” என்றார், அதுவும் நியாயம்தான். அடுத்த பூஜைக்கு மேல்வீட்டு பௌதி கிண்ணத்தோடு வந்தபோது வாசலிலேயே வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நடந்ததை முழுக்க அவளிடமும் சொன்னேன். இப்போதெல்லாம் கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடது காலில் மெட்டி இல்லை, அதைப் போடுகிற விரலும் இல்லை.

தினமும் காலையில் காப்பி குடிக்கும் முன் அவர் ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். விரலிடுக்கு, குதிகால், தழும்பு எல்லாம் பார்ப்பார். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு நாள் தவறியதில்லை.

இன்றைக்கும், “நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதேன்லா, விடுங்க, அடுப்புல பால் இருக்கு” என்றேன்.

“நீ சொல்லாண்டாம். அது சொல்லட்டும்.”

கட்டை விரலை அழுத்தினார். விட்டார். தோல் வெளுத்திருந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், சிவக்கும்வரை.